பனியா முகிலா, −18ஆ −30ஆ: குளிர்காலச் செய்மதிப் படங்களில் வரும் கோளாறுகளும் திருத்தமும்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ரொறொன்ரோ, ஒஸ்லோ, லண்டன் பக்கத்துப் பனியைச் செய்மதிப் படத்தில் பார்ப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. உயர்தரத்தில் புவியியல் படிப்போர், அவர்களுக்குக் கற்பிப்போர், ஸ்காபரோவில் இருக்கும் அக்கா வீட்டு வாசலில் உண்மையில் எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று அறிய விரும்புவோர் எல்லாருக்கும் பயன்படும். தேவையான தளங்கள் இரண்டு, இரண்டும் இலவசம்: நாசாவின் வேர்ல்ட்வியூ, ஐரோப்பாவின் கொப்பர்நிக்கஸ் பிரவுசர். உங்களுக்குத் தெரியும் அறிகுறியைத் தேடி நேரே அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் நேரம் பற்றிய முதற்பகுதியை எல்லாரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். கேள்விகளில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்றைய திகதியில் படமே இல்லை, கறுப்பாக இருக்கிறது

யாழ்ப்பாணத்தில் காலையில் வேர்ல்ட்வியூவைத் திறந்து இன்றைய திகதியில் ரொறொன்ரோவைத் தேடினால் கறுப்புத்தான் வரும். இது கோளாறு இல்லை. அங்கே அந்த நாள் இன்னும் விடியவில்லை. தளத்தின் திகதி உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமது நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால், ரொறொன்ரோவின் குளிர்கால நேரம் ஐந்து மணித்தியாலம் பின்னால். இடைவெளி பத்தரை மணித்தியாலம்.

நோவா-20 செய்மதி ரொறொன்ரோவுக்கு மேலால் போவது அங்கே பிற்பகல் 1.30 அளவில். அப்போது பொது நேரம் 18.30, யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு 12 மணி. படம் தளத்துக்கு ஏற மேலும் மூன்று மணித்தியாலம் வரை எடுக்கும். ஆகவே 16ஆம் திகதி காலையில் நீங்கள் பார்க்க வேண்டியது 15ஆம் திகதிப் படம். அதே செய்மதியின் இரவுக் கடப்பு அங்கே அதிகாலை 1.30, நமக்கு நண்பகல் 12. பகல் படம் நமது நள்ளிரவு, இரவுப் படம் நமது நண்பகல் என்று மனதில் வைத்துக்கொண்டால் திகதி பிசகாது.

டெரா செய்மதியின் இரவுப் படத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அது ரொறொன்ரோவில் பின்னிரவுக்கு முன்னரே, 15ஆம் திகதி இரவு, கடக்கிறது. பொது நேரத்தில் அப்போது 16ஆம் திகதி பிறந்துவிடும். ‘15ஆம் திகதி இரவு’ என்று அங்குள்ளவர் சொல்வதை நீங்கள் 16இல் தேட வேண்டும்.

திகதி சரியாக இருந்தும் கறுப்பு என்றால் ஊரின் அகலாங்கைப் பாருங்கள். வட நோர்வேயின் மீன் தொழிற்சாலை ஊர்களுக்குப் போய்க் குடியேறிய நம்மவர் பலர் உண்டு. அந்தப் பக்கத்தில், உதாரணமாகத் துரொம்சோவில், கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானுக்கு மேலே வராது. வெளிச்சம் இல்லாத இடத்தில் இயற்கை நிறப் படம் எடுக்க முடியாது. அங்கே இரண்டு வழிதான்: வெப்பக் கதிரைப் பார்க்கும் ‘பிரைட்னஸ் டெம்பரேச்சர், நைட்’ லேயரை (படத்தின் மேல் போடும் தரவு அடுக்கை) சேர்ப்பது, அல்லது முழுநிலவை அண்டிய நாளைத் தெரிந்து ‘டே நைட் பாண்ட்’ லேயரைப் பார்ப்பது. நிலவொளியில் பனி அழகாகத் தெரியும். அமாவாசையில் நகர விளக்குகளைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

படத்தில் சாய்வான கறுப்புக் கீலங்கள் மட்டும் இருந்தால் அது டெரா அல்லது அக்குவாவின் மோடிஸ் கருவி. அதன் பார்வை அகலம் 2330 கி.மீ. மத்திய கோட்டுக்கு அருகே அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையில் இடைவெளி விழும், இலங்கையே சில நாட்களில் அதற்குள் அகப்படும். நோவா-20இல் உள்ள, சுமார் 3000 கி.மீ. அகலம் பார்க்கும் வியர்ஸ் கருவிக்கு மாறினால் கீலம் மறைந்துவிடும். சில ஆண்டுகளாக டெரா வழமையான நேரத்துக்கு முந்தியும் அக்குவா பிந்தியும் கடக்கின்றன என்பதால், புதிய படங்களுக்கு வியர்ஸையே முதலில் எடுங்கள். 2000களின் படங்களுக்கு டெராவும் அக்குவாவும்தான் கதி.

எல்லாம் வெள்ளை: முகிலா பனியா தெரியவில்லை

இயற்கை நிறப் படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை. கண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம், நிறத்தை மாற்றுங்கள். ஆட் லேயர்ஸை அழுத்தி, ‘கரெக்டட் ரிஃப்ளெக்டன்ஸ்’ வரிசையில் 7-2-1 பட்டைச் சேர்க்கையைத் தெரியுங்கள். பட்டை என்பது கருவி தனியாகப் பதியும் ஒரு குறித்த அலைநீளத் துண்டு; மூன்று பட்டைகளைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று சேர்த்தே படம் உருவாகிறது. வியர்ஸில் அதற்கு நிகரானது எம்11-ஐ2-ஐ1.

பனி நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அள்ளித் தெறிக்கிறது. 2.1 மைக்ரோமீற்றர் அளவுள்ள செங்கீழ்க் கதிரையோ விழுங்கிவிடுகிறது. இந்தச் சேர்க்கையில் சிவப்பு நிறம் அந்த 2.1 பட்டைக்குக் கொடுக்கப்பட்டிருப்பதால், பனி விழுந்த நிலத்தில் சிவப்பு வற்றி, பளிச்சென்ற நீலப்பச்சை மிஞ்சும். நீர்த்துளிகளாலான தாழ்முகில் மூன்று பட்டைகளிலும் தெறிப்பதால் வெள்ளையாகவே நிற்கும். மூடுபனியும் அப்படித்தான்.

இதிலும் ஏமாற்று உண்டு. உயரத்தில் மிதக்கும் கீற்று முகில் பனிப் பளிங்குகளாலானது. அதுவும் வெளிர் நீலப்பச்சையாகத் தெரியும். அந்த ஐயம் வந்தால் 3-6-7 சேர்க்கைக்கு (வியர்ஸில் எம்3-ஐ3-எம்11) போங்கள். அங்கே நிலத்துப் பனி அடர் சிவப்பு, பளிங்கு முகில் செம்மஞ்சள் கலந்த வெளிர் நிறம், நீர் முகில் வெள்ளை. அக்குவாவில் இந்த 3-6-7 லேயரைத் தேடிக் களைக்க வேண்டாம். அதன் ஆறாம் பட்டையின் உணரிகளில் பெரும்பகுதி பழுதாகிவிட்டதால் டெராவில் மட்டுமே அது கிடைக்கும்.

நிறத்தை மாற்றியும் தீராவிட்டால் நேரத்தை மாற்றுங்கள். ‘ஸ்டார்ட் கம்பாரிசன்’ அழுத்தி, ஏ பக்கத்தில் டெராவின் முற்பகல் படம், பி பக்கத்தில் வியர்ஸின் பிற்பகல் படம் என்று வைத்து நடுக்கோட்டை இழுத்துப் பாருங்கள். முகில் நகர்ந்திருக்கும், பனி இருந்த இடத்தில் இருக்கும். ஆற்றுக் கிளைகள் மரவேர் போலத் தெளிவாகத் தெரிந்தாலும் நீங்கள் பார்ப்பது நிலம்தான்.

ஒன்றாரியோ, ஈரி ஏரிகளின் மேல் காற்றோடு ஒத்த திசையில் கோடு கோடாக வெள்ளை நூல்கள் தெரிந்தால் அவை ஏரிப் பனி முகில்கள். காற்று ஏரிக்குள் நுழையும் கரையோரம் தெளிவாக இருக்கும், சில கிலோமீற்றர் உள்ளே போனபின் நூல்கள் தொடங்கி எதிர்க்கரையில் போய்த் தடிக்கும். ஏரி நீருக்கும் ஒன்றரை கிலோமீற்றர் உயரத்துக் காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் 13 பாகை செல்சியஸ் அளவாவது இருந்தால்தான் இது நன்றாகக் கிளம்பும். 2022 நவம்பர் 17 முதல் 20 வரை ஈரி ஏரியின் கிழக்கு முனையில் உள்ள பஃபலோவின் தெற்குப் புறநகர் ஓச்சார்ட் பார்க்கில் சுமார் 2 மீற்றர் பனி விழுந்தது. நகரின் வடபகுதியில் விழுந்தது அதில் சிறு பங்கு. ஒரு நூல் நாட்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அப்படி ஆகும். ஸ்காபரோ ஒன்றாரியோ ஏரியின் வடகரையில் இருப்பதால், மேற்குக் காற்றில் இந்த நூல்கள் பெரும்பாலும் அதைத் தொடாமல் எதிர்ப்புறமாகப் போய்விடுகின்றன. செய்தியில் ‘ஏரிப் பனி’ என்று கேட்டதும் அங்குள்ளவர் எல்லாரையும் எண்ணிப் பதற வேண்டியதில்லை. எந்தக் கரை, எந்தக் காற்று என்று முதலில் பாருங்கள்.

அங்கே முழங்கால் அளவு பனி, படத்தில் நிலம் கறுப்பாக இருக்கிறது

ஊசியிலைக் காடு என்றால் காரணம் மரங்கள். வட ஒன்றாரியோவின் ஸ்புரூஸ் காடுகள் பனியைத் தம் அடியில் மறைத்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் கரும்பச்சையே தெரியும். நடுவில் உள்ள ஏரிகளைப் பாருங்கள், உறைந்து பனி மூடியிருந்தால் வெள்ளைத் தட்டையாக இருக்கும். அதுவே சாட்சி.

ஆழத்தைப் பொறுத்தவரை, இயற்கை நிறப் படம் ஆழம் சொல்லாது. நிலத்தை மூடும் அளவு விழுந்தால் போதும், அதற்கு மேல் ஒரு சாண் என்றாலும் ஒரு மீற்றர் என்றாலும் ஒரே வெள்ளை. ஆழத்துக்கு நுண்ணலைக் கருவிகள் உண்டு, ஆனால் அவற்றின் ஒரு புள்ளி பத்துக் கிலோமீற்றர் கணக்கில் அகலமானது. ஈரப்பனியிலும் மிக ஆழமான பனியிலும் அவை பிசகும். ஒரு தெருவின் ஆழம் வேண்டுமென்றால் அந்தத் தெருவில் நிற்பவரிடம் கேட்பதுதான் சரி.

செங்கீழ்ப் படத்தில் யாழ்ப்பாணம் ரொறொன்ரோவைவிடக் குளிராகத் தெரிகிறது

ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இது நிச்சயம் வரும். நிறப்பட்டியலை வாசித்தால் நம் தலைக்கு மேல் −75, −80 பாகை. அதே நாளில் பனி கொட்டும் பஃபலோவில் −25. படம் பொய் சொல்லவில்லை. 10.3 மைக்ரோமீற்றர் பட்டை, மேலிருந்து பார்க்கும்போது முதலில் எதிர்ப்படும் பரப்பின் வெப்பநிலையைக் காட்டுகிறது. நமது இடிமுகில்கள் 15, 16 கி.மீ. வரை எழும்புகின்றன. அந்த உயரத்தில் −80 என்பது வழமையே. ஏரிப் பனி முகில்களோ தட்டையானவை, உச்சி சில கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். ஆகையால் புயல் முகிலுக்காக வரையப்பட்ட நிறப்பட்டியலில் அவை மங்கிய சாம்பலாகத் தெரிந்து கவனத்திலிருந்து நழுவிவிடும். அதிக பனி விழும் இடம் அதிக நிறம் காட்டும் இடம் அல்ல.

இதன் மறுபக்கமும் உண்டு. முகிலே இல்லாத இரவில் கனடாவின் மனிடோபா மாகாணத்தின் வெறும் நிலம் −30இல் இருக்கும். −30 உச்சி கொண்ட முகிலும் அதே சாம்பல்தான். ஒரே ஒரு செங்கீழ்ப் படத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. அமெரிக்கக் கண்டங்களை ஒரே இடத்தில் நின்று பார்த்தபடி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் தரும் கோஸ்-ஈஸ்ற் செய்மதியின் படங்களை மூன்று மணித்தியாலத்துக்கு ஓடவிடுங்கள். நகராமல் நிற்பது நிலம்.

அந்தச் செய்மதியின் ‘ஜியோகலர்’ படத்தில் இரவில் மின்னும் நகர விளக்குகள் அந்த நேரத்தில் எடுத்தவை அல்ல, முன்பே எடுத்து அடியில் பதித்தவை. பனிப்புயலில் மின்சாரம் போனதா என்று அதில் தேடுவது வீண்.

போனில் −18, செய்மதியில் −27, அக்கா சொல்வது −30

மூன்றும் சரியாக இருக்கலாம். அவை மூன்று வெவ்வேறு பொருட்களின் அளவு.

போன் காட்டுவது காற்றின் வெப்பநிலை. நிலத்திலிருந்து ஒன்றே கால் முதல் இரண்டு மீற்றர் உயரத்தில், வெயில் படாமல், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது. செய்மதியின் ‘லாண்ட் சர்ஃபேஸ் டெம்பரேச்சர்’ காட்டுவது பனியின் மேற்றோலின் வெப்பநிலை. முகிலற்ற, காற்று அடங்கிய இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை நேரே வானுக்கு விட்டுவிட்டு, தனக்கு மேலே உள்ள காற்றைவிடப் பல பாகை கீழே இறங்கும். நுவரெலியாவில் தை, மாசி விடியலில் இதையே காணலாம்: வெப்பமானி 3, 4 பாகை காட்டும்போதும் புல்நுனியில் உறைபனி படிந்திருக்கும், ஏனெனில் புல்லின் தோல் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. அந்த உறைபனியைச் செய்மதியில் தேடுவோர் ஏமாறுவர். அது சில மில்லிமீற்றர் படலம். முற்பகல் செய்மதி வருமுன் வெயிலில் கரைந்துவிடும்.

அக்கா சொல்லும் −30, காற்று உடலில் உறைக்கும் அளவு. கனடாவில் 2001 முதல் பயன்படும் சூத்திரப்படி, −18 பாகையில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் விடை −30. இது தோல் எவ்வளவு விரைவில் வெப்பம் இழக்கும் என்பதன் கணக்கு. வெளியே போவதா இல்லையா என்பதற்கு அவசியமான எண் இதுதான். ஆனால் எந்தச் செய்மதியும் இதை அளக்காது, எனவே படத்தோடு ஒப்பிட வேண்டாம்.

உலகச் சாதனைக் குளிரிலும் இதே குழப்பம் நடக்கிறது. அந்தாட்டிக்காவின் வொஸ்தொக் நிலையத்தில் 1983 ஜூலை 21இல் பதிவான −89.2 காற்றின் வெப்பநிலை. கிழக்கு அந்தாட்டிக்க மேட்டுநிலத்தில் செய்மதிகள் கண்ட −93.2 (2010 ஓகஸ்ட் 10), பின்னைய ஆய்வில் சொல்லப்பட்ட ஏறக்குறைய −98, இரண்டும் பனித்தோலின் வெப்பநிலை. பரீட்சை விடைத்தாளில் இவற்றை ஒரே வரிசையில் எழுதினால் தவறு.

வெப்பநிலைப் படத்தில் ஓட்டைகள் இருப்பது முகிலால். பனிப்புயல் வீசிய நாளில் அந்த நகரமே ஓட்டைக்குள் போய்விடும். இதற்குத் திருத்தம் இல்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓட்டைகளை விட்டுவிட்டு மாதச் சராசரி எடுத்து ‘இந்த மாதம் இவ்வளவு குளிர்’ என்று எழுதாதீர்கள். குளிர்கால இரவில் முகில் போர்வை இல்லாத நாட்கள்தான் மிகக் குளிரானவை. அவை மட்டும் கணக்கில் வந்தால் சராசரி உண்மையைவிடக் கீழே இறங்கும்.

கோப்பை இறக்கிக் கணித்தால் −273.15, −268, 12176 என்று எண்கள் வருகின்றன

மோடிஸ் வெப்பநிலைக் கோப்பில் இருப்பது பாகை அல்ல, ஒரு முழு எண். அதை 0.02ஆல் பெருக்கினால் கெல்வின், அதிலிருந்து 273.15 கழித்தால் செல்சியஸ். 12450 என்று இருந்தால் 249.0 கெல்வின், அதாவது −24.15 பாகை. பிழையான விடையைப் பார்த்தே எங்கே தவறினீர்கள் என்று சொல்லிவிடலாம்.

படத்தில் பரவலாக −273.15 வந்தால், தரவு இல்லாத இடங்களின் 0 என்ற எண்ணையும் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். 0ஐ ‘தரவு இல்லை’ என்று குறித்துவிட்டு மீண்டும் கணியுங்கள். 12176.85 வந்தால் 0.02ஆல் பெருக்கவே இல்லை. −268.17 வந்தால் இரண்டு தடவை பெருக்கியிருக்கிறீர்கள். கியூஜிஐஎஸ் மென்பொருள் கோப்பைத் திறக்கும்போதே அந்தப் பெருக்கலைத் தானாகச் செய்துவிடக்கூடும், நாமும் ராஸ்டர் கால்குலேட்டரில் மறுபடி பெருக்கிவிடுவோம். கணிக்குமுன் ஒரு பிக்சலைச் சொடுக்கிப் பாருங்கள். 249 போன்ற எண் தெரிந்தால் 273.15 கழிப்பது மட்டும் போதும்.

ஊர்கள் சரிந்து நெளிந்து தெரிந்தால் அது கோப்பின் சொந்தப் பட எறியம், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை. அகலாங்கு, நெட்டாங்கு முறையின் குறியீடான 4326க்கு மாற்றினால் நிமிரும். இந்தக் கோப்புகள் உலகைக் கட்டங்களாகப் பிரித்து வருகின்றன. ரொறொன்ரோ விழும் கட்டம் கிடை 12, நிலை 04. யாழ்ப்பாணம் கிடை 25, நிலை 08. கட்ட எண்ணை மாற்றி இறக்கி டேட்டாவைக் கரைக்க வேண்டாம்.

பனிச்சுட்டியை யாழ்ப்பாணத்தில் பரீட்சித்தால் கடல்நீரேரியில் பனி காட்டுகிறது

நல்ல பயிற்சி இது, எல்லாரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். கொப்பர்நிக்கஸ் பிரவுசரில் ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-2இன் முகில் குறைந்த ஒரு நாளைத் தெரிந்து, கஸ்டம் என்பதில் இன்டெக்ஸைத் திறந்து, ஏ இடத்தில் மூன்றாம் பட்டை (பச்சை), பி இடத்தில் பதினொன்றாம் பட்டை (1.6 மைக்ரோமீற்றர்) வையுங்கள். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பதே என்டிஎஸ்ஐ எனப்படும் பனிச்சுட்டி. வழமையாக 0.4க்கு மேல் போனால் பனி.

இப்போது யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். மணற்காட்டு மணற்குன்றுகள் இயற்கை நிறத்தில் பனி போல வெளிறியிருந்தாலும் சுட்டியில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், ஏனெனில் உலர்மணல் 1.6இல் பச்சையைவிட அதிகமாகத் தெறிக்கும். நல்லது, மணல் மாட்டவில்லை. ஆனால் கடல்நீரேரியும் தொண்டைமானாறும் ஆனையிறவு உப்பளப் பாத்திகளும் 0.4ஐத் தாண்டி நிற்கும். கலங்கிய ஆழமற்ற நீர் பச்சையைச் சிறிது தெறித்து, 1.6ஐ முழுதாக விழுங்கிவிடுகிறது. வகுத்துப் பார்த்தால் விடை பனியைப் போலவே வருகிறது.

திருத்தம், இன்னொரு நிபந்தனை: அண்மைச் செங்கீழ்ப் பட்டையில் தெறிப்பு 0.11க்கு மேல் இருக்க வேண்டும். மோடிஸ் பனி வரைபடத்திலும் இந்த அளவுகோல் பயன்பட்டது. சென்டினலில் அது எட்டாம் பட்டை. அதைத் தனியே சாம்பல் படமாகத் திறந்தால் நீர் கரிய நிறமாகவும் பனி வெள்ளையாகவும் தெரியும். ஒன்றாரியோ ஏரிக்கரையில் எங்கே ஐஸ், எங்கே திறந்த நீர் என்று பிரிப்பதற்கும் இந்தச் சோதனையே வேண்டும்.

இதற்காக முழுக் கோப்பையும் இறக்காதீர்கள். ஒரு சென்டினல் கோப்பு பல நூறு மெகாபைற். பிரவுசரிலேயே படமாக ஏற்றுமதி செய்தால் சில மெகாபைற்றில் முடியும்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் இன்றையதா?

முழுப் பிரித்தானியாவும் கரையோடு கரை வெள்ளையாகத் தெரியும் படம் வந்தால், முதலில் வேர்ல்ட்வியூவில் டெராவைத் தெரிந்து 2010 ஜனவரி 7க்குப் போங்கள். அந்த நாளில் எடுத்த உண்மையான படம் அது, மிகப் பிரபலம். முகில்களின் வடிவம் ஒத்துப்போனால் உங்களுக்கு வந்தது பழைய படம். இரண்டு வெவ்வேறு நாட்களில் முகில் ஒரே வடிவில் நிற்காது. ஒத்துப்போகாவிட்டால் அனுப்பியவர் சொல்லும் திகதியைப் போட்டு அதே முகிலைத் தேடுங்கள்.

நீங்கள் அனுப்பும் படத்துக்கும் இதே வசதியைச் செய்து கொடுங்கள். கமரா குறியை அழுத்தி, 250 மீற்றர் துல்லியம், ஜேபெக் வடிவம் என்று தெரிந்தால் 600 கி.மீ. அகலமான தென் ஒன்றாரியோ 2400 பிக்சலில் அடங்கும், போனுக்குப் போதும். கோப்பின் பெயரில் பொது நேரத் திகதியையும் செய்மதியின் பெயரையும் பட்டைச் சேர்க்கையையும் எழுதுங்கள்: ‘ஜனவரி 15, நோவா-20, எம்11-ஐ2-ஐ1’ என்பது போல. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு ஏரிப் பனி நூல்கள் கரைந்துவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.